கரடிக்கு வாய்த்த கருங்காலி மட்டை

மேகம் வந்து மோதும் ஒரு மலைக்காட்டில், குழந்தைகளே, மிருகங்கள் கோல்ஃப் ஆடி வந்தன. முன்னொரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் அங்கே புல்வெளி அமைத்து ஆடினார்கள். அவர்கள் போன பிறகு மான்கள் அந்தப் புல்லை மேய்ந்து மேய்ந்து சமமாக வைத்துக்கொண்டன. புதரில் தொலைந்த பந்துகளைக் கீரிகள் தேடி எடுத்துக் கொடுத்தன. ஆடுவதற்கு வேறென்ன வேண்டும்?

முழு ஆட்டமும் ஆட அங்கே யாருக்கும் பொறுமை இல்லை. முதல் அடி மட்டும்தான் போட்டி. அந்த அடிக்கென்று ஒரு நீண்ட மட்டை உண்டு. அதற்கு டிரைவர் என்று பெயர். மேட்டில் நின்று டிரைவரால் பந்தை அடிக்க வேண்டும். எதிரே ஓர் ஓடைப் பள்ளம். பள்ளத்தைத் தாண்டி யாருடைய பந்து அதிகத் தொலைவில் விழுகிறதோ, அவர் குடும்பத்துக்கு அந்த வருடத்துப் பலாப்பழங்கள். மற்றவர்களுக்குத் தோலும் கொட்டையும்.

நடுவர் ஓர் ஆந்தை. பகலில் அதற்குக் கண் கூசும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு, பந்து விழும் சத்தத்தை வைத்தே தீர்ப்புச் சொல்லும். யார் முகத்தையும் பார்க்காத நடுவர் என்று எல்லோரும் அதை மதித்தார்கள்.

ஆண்டுதோறும் வெல்வது காடவராயன் என்ற காட்டெருமை. கருங்காலி மரத்தில் செய்த கனத்த டிரைவரை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு சீறு சீறி, கழுத்தை வெட்டித் திருப்பும். பந்து இருந்த இடத்தில் புழுதி மட்டும் நிற்கும்.

சடையன் என்ற கரடி எப்போதும் இரண்டாவது. அதன் வீச்சு மெதுவானது. இரண்டு காலில் நிற்கும். முதுகைச் சொறியும். மூங்கில் டிரைவரைச் சோம்பலாகத் தூக்கும். மறுபடியும் சொறிந்துவிட்டுத்தான் அடிக்கும். மூங்கில் வளைந்து நிமிர்ந்து பந்தை உயரத் தூக்கிவிடும். அது காட்டெருமையின் பந்துக்குச் சற்று இப்பால் வந்து விழும்.

மூன்றாவது நரி. அதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

அந்த வருடம் பலாமரம் வேரடி வரைக்கும் காய்த்துத் தொங்கியது. வாசனை கரடியின் குகைக்குள்ளேயே வந்துவிட்டது.

"என்னங்க, பிள்ளைகள் தூக்கத்திலும் சப்புக்கொட்டுகிறார்கள்," என்றது பெண்கரடி பொம்மி. "போன வருடம் கொட்டையாகத் தின்று வயிறு உப்பிக் கிடந்தார்கள். இந்தத் தடவை ஒரு சுளையாவது கண்ணில் காட்டுங்கள்."

"மூங்கிலில் பிடி தளர்ந்துவிட்டது, பொம்மி. புது டிரைவர் ஒன்று பார்க்க வேண்டும்."

"பாருங்கள். ஆனால் சுழற்றிப் பார்த்து வாங்குங்கள்."

ஆலமரத்தடியில் நரி ஒரு மட்டைக் கடை வைத்திருந்தது. பழைய மட்டையைக் கொடுத்து வேறு மட்டை வாங்கிக்கொள்ளலாம்.

"வாருங்கள் அண்ணே," என்றது நரி. "நீங்கள் வருவீர்கள் என்றுதான் இதை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். காடவராயன் ஆடுகிற மட்டை மாதிரியே இருக்கிறதா, பாருங்கள்."

கரடி அதை வாங்கியது. இரண்டு கையும் தரைக்குப் போய்விட்டன.

"கனமாக இருக்கிறதே."

"வெற்றி கனமாகத்தான் இருக்கும், அண்ணே."

"தண்டு கொஞ்சமும் வளையவில்லையே. ஒரு தடவை சுழற்றிப் பார்க்கட்டுமா?"

"காடவராயன் சுழற்றிப் பார்த்தா வாங்கினார்?"

கரடிக்கு அது தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டுத் தலையை ஆட்டியது. மூங்கிலைக் கொடுத்துவிட்டுக் கருங்காலியை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனது.

மறுநாளே திரும்பி வந்தது.

"தம்பி, இதைத் தூக்குவதற்குள் எனக்குத் தூக்கம் வருகிறது. அடித்தால் தோள் வலிக்கிறது. பந்து நத்தை மாதிரி ஊர்ந்துபோய்ப் பள்ளத்தில் விழுகிறது."

நரி கரடியைச் சுற்றி வந்து மேலும் கீழும் பார்த்தது.

"மட்டையில் குறை இல்லை, அண்ணே. உங்களிடம்தான் கொஞ்சம் கரடித்தனம் இருக்கிறது."

"கரடித்தனமா?"

"இது காட்டெருமைக்கு ஏற்ற மட்டை. நீங்கள் கொஞ்சம் காட்டெருமையாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்."

கரடி யோசித்துப் பார்த்தது. அதற்கு அது நியாயமாகவே பட்டது.

அன்று முதல் சடையன் நான்கு காலில் நின்று புல் மேய்ந்தது. மட்டையை வாயில் கவ்விச் சீறப் பழகியது. பல் கூசியது, பொறுத்துக்கொண்டது. வளைந்த கிளைகள் இரண்டைக் கொடியால் தலையில் கட்டிக் கொம்பு வைத்துக்கொண்டது. கொம்பு குகை வாசலில் இடித்ததால் வெளியிலேயே படுத்தது.

பொம்மி ஒரு தேனடையைக் கொண்டுவந்து முன்னால் வைத்தது.

"எனக்குத் தேன் ஒத்துக்கொள்ளாது," என்றது சடையன்.

"எப்போதிருந்து?"

சடையன் காட்டெருமை மாதிரி ஓர் உறுமல் உறுமியது. ஓடிவந்த பிள்ளைகள் பயந்துபோய் அம்மாவின் முதுகில் ஏறிக்கொண்டன. பொம்மிக்கு அழுகையாக வந்தது.

"ஒரு மட்டைக்காக நீங்கள் மாற வேண்டுமா? உங்களுக்காக அந்த மட்டையை மாற்றினால் ஆகாதா?" என்று கேட்டது.

சடையன் புல்லை அசைபோட்டது. உள்ளுக்குள் அதற்கும் அழ வேண்டும்போல்தான் இருந்தது. ஆனால் காட்டெருமை அழுமா என்று தெரியாததால் அழவில்லை.

போட்டி நாள் வந்தது. காடே மேட்டில் கூடியிருந்தது. கொம்பும் வாயில் மட்டையுமாகச் சடையன் மிடுக்காக நடந்து வந்தது. எதிர்ப்பக்கத்தில் கூட்டம் விலகியது. அங்கே வந்த காடவராயனைப் பார்த்துச் சடையன் அசந்து நின்றுவிட்டது.

காட்டெருமை பின்னங்கால்களில் நின்று தள்ளாடித் தள்ளாடி வந்தது. முன்னங்குளம்புகளுக்கு நடுவில் ஒரு மூங்கில் மட்டை. மூக்கெல்லாம் தேன், தேனெல்லாம் எறும்பு. இரண்டடிக்கு ஒரு தடவை மரத்தில் முதுகைத் தேய்த்துச் சொறிந்துகொண்டது.

இவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, நமக்குத்தான் வெற்றி என்று சடையன் நினைத்தது. காடவராயனும் சடையனின் கொம்பைப் பார்த்து அதையேதான் நினைத்தது.

"முதலில் கரடி," என்றது ஆந்தை, கண்ணை மூடிக்கொண்டு.

சடையன் சீறியது. கழுத்தை வெட்டித் திருப்பியது. கருங்காலி பந்துக்கு மேலே போனது. போனது நிற்கவில்லை. அதைக் கவ்வியிருந்த சடையனும் நிற்க முடியாமல் அதன் பின்னாலேயே பறந்து பள்ளத்துச் சேற்றில் விழுந்தது. பந்து வைத்த இடத்திலேயே இருந்தது.

"பலத்த சத்தம்," என்றது ஆந்தை. "ஆனால் பந்து மாதிரி இல்லை. அடுத்தது காட்டெருமை."

காடவராயன் மெதுவாகச் சொறிந்தது. மெதுவாகத் தூக்கியது. ஆனால் அடிக்கும்போது பழைய வேகம் வந்துவிட்டது. அந்த வேகத்துக்கு மூங்கில் வில்லாக வளைந்து, காட்டெருமையின் பிட்டத்திலேயே பளாரென்று அறைந்து முறிந்தது. இரண்டு காலில் நிற்கத் தெரியாத காட்டெருமை தடுமாறிப் பந்தையும் உதைத்துக்கொண்டு பள்ளத்தில் உருண்டது.

"இதுவும் பந்து மட்டும் மாதிரி இல்லை," என்றது ஆந்தை. "பள்ளத்தில் விழுந்தது செல்லாது. அடுத்தது நரி."

நரி தன் உயரத்துக்கு வெட்டி வைத்திருந்த ஒரு கொய்யாக் குச்சியை எடுத்தது. அவசரப்படாமல், தனக்கு வருகிற மாதிரி, சின்னதாக ஒரு தட்டுத் தட்டியது. பந்து பள்ளத்தைத் தாண்டி அக்கரை ஓரத்தில் டொக்கென்று விழுந்தது. ஒரு தவளை தாவினால் அதைவிடத் தூரம் போயிருக்கும்.

"நல்ல சத்தம். பலாமரம் நரிக்கு," என்றது ஆந்தை.

பள்ளத்தில் காடவராயன் எறும்பைத் தட்டிவிட்டபடி எழுந்து உட்கார்ந்தது. சேற்றில் கிடந்த மட்டையைப் பார்த்தது. அதன் பிடியில் பல் தடங்கள் இருந்தன. முகத்தை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தது.

"சடையா, இது என் மட்டை அல்லவா?"

சடையன் காட்டெருமைக்குப் பக்கத்தில் கிடந்த மூங்கில் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டவைத்துப் பார்த்தது.

"இது என்னுடையது, அண்ணே. உங்களிடம் எப்படி வந்தது?"

"உன் பந்து உயரமாகப் போகிறது, கரடி மட்டைதான் நல்ல மட்டை என்று நரி சொன்னது. என் கருங்காலியை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, சில நாள் கழித்து இதைக் கொடுத்தது. அப்புறம் தேன் தின்னச் சொன்னது."

"என்னைப் புல் தின்னச் சொன்னது."

மேலே நரிக் குடும்பம் பலாப்பழத்தைப் பிளக்கும் சத்தம் கேட்டது.

"புல் எப்படி இருந்தது?" என்று காடவராயன் கேட்டது.

"மோசம். தேன்?"

"பல்லெல்லாம் ஒட்டுகிறது."

பொம்மி பள்ளத்தின் ஓரத்துக்கு வந்து, ஒரு கொடியைக் கீழே விட்டது. சடையன் தலையிலிருந்த கிளைகளைப் பிய்த்துப் போட்டுவிட்டு ஏறி வந்தது. பிள்ளைகள் முகத்தை முகர்ந்து பார்த்தன. அப்பாதான் என்று தெரிந்த பிறகு காலைக் கட்டிக்கொண்டன. அந்த வருடமும் அவற்றுக்குத் தோலும் கொட்டையும்தான்.

மறுநாள் சடையன் மூங்கில் காட்டுக்குப் போனது. ஒன்றை வெட்டி, தன் சோம்பல் வீச்சில் சுழற்றிப் பார்த்தது. சரிப்படவில்லை, கீழே போட்டது. இன்னொன்றை வெட்டிச் சுழற்றியது. பொழுது சாய்வதற்குள் கைக்கு இதமாக ஒன்று அமைந்துவிட்டது. மலையின் மறுபக்கத்தில் காடவராயன் கருங்காலி மரங்களின் நடுவே தன் பழைய மட்டையைக் கவ்விச் சீறிக்கொண்டிருந்தது.

நரியின் கடைக்கு அப்புறம் யாரும் போகவில்லை. நரி அதற்காகக் கவலைப்படவும் இல்லை. அதன் வாய் நிறையப் பலாச்சுளை இருந்தது.

நீதி: வென்றவனின் மட்டையைத் தேடி அலையாதே, உன் வீச்சுக்கு ஏற்ற மட்டையைச் சுழற்றிப் பார்த்து எடு.