நானூற்று எண்பது முட்டைக்கு ஒரு ஜெனரேட்டர்

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். பொருத்தம் பார்ப்பது கல்யாணத்துக்கு மட்டும்தான் என்பது கடலூர் ராசமாணிக்கத்தின் கட்சி.

அவருடைய கொழுந்தியாள் தையல்நாயகி, வீட்டின் பின்னறையில் காடைக் குஞ்சு பொரித்து விற்பவள். பொரிப்புப் பெட்டிக்குள் நானூற்று எண்பது முட்டைகள் பதினாறாம் நாள் சூட்டில் இருந்தன. இன்னும் இரண்டு நாளில் ஓடு உடையும். நாளை மாலை புயல் என்று அதற்குள் அறிவித்துவிட்டார்கள். மின்சாரம் போய்ப் பெட்டி ஆறினால் அத்தனையும் கூழ்முட்டை. புயலுக்கு முன் ஒரு ஜெனரேட்டர் வாங்கியாக வேண்டும். எது எதில் ஓடும் என்று தெரியாத குழப்பத்தில், 'விவரம் தெரிந்தவர்' என்று அக்காள் கணவரைத் துணைக்கு அழைத்ததுதான் அவள் செய்த பிழை.

சாகுல் பாயின் கடையில் டீசலுக்கு ஒன்று, பெட்ரோலுக்கு ஒன்று, கேஸுக்கு ஒன்று என மூன்று மெஷின்கள் நின்றன. ராசமாணிக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

"கண்ண மூடிக்கிட்டு டீசல் வாங்கு. போன புயல்ல நம்ம வீட்டு டீசல் மெஷினுக்குச் சாவியத் திருப்பினேன் பாரு, எதுத்த வீட்டுப் புளியமரத்துல இருந்த பழம் பூரா ஓடு கழண்டு, கொட்டை நீங்கி, கூடையில வந்து விழுந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரருக்கு இருபது வருஷக் கூன். சட்டுனு நிமிர்ந்துட்டாரு!"

"அண்ணே, அது ஜெனரேட்டரா, பூகம்பமா?" என்றார் பாய்.

"பூகம்பமும் வந்துச்சு பாய். இதப் பாத்து வெக்கப்பட்டுத் திரும்பிப் போயிடுச்சு."

தையல்நாயகி பாயின் பக்கம் சாய்ந்தாள். "நெசமாவே டீசல் அதிருமா?"

"இவரு சொல்ற அளவுக்கு இல்லம்மா. ஆனா மத்த ரெண்டையும் விட அதிரும்."

மெஷின் வைக்க அவளுக்கு இருந்த இடமோ பின்னறைச் சுவரை ஒட்டிய வெளிப்புறம். கடைசி மூன்று நாளில் முட்டையைத் திருப்பக்கூட மாட்டாள் அவள், அதிரவா விடுவாள்? மனத்துக்குள் டீசலை நகர்த்தி வைத்தாள்.

"அப்ப பெட்ரோல், மாமா?"

"பெட்ரோலா? அதுவும் பாத்தாச்சு. பேனாவுக்கு மை ஊத்துற பில்லரால ஒரே சொட்டு. ஒம்பது நாள் ஓடுச்சு. பத்தாம் நாள் நிறுத்தினேன், நிக்கல! தெருவுக்கெல்லாம் கரண்ட் கொடுத்தேன், தீரல. மிச்சத்தக் கம்பத்துல மாட்டி விட்டேன். அனல்மின் நிலையத்துலேருந்து ஆள் ஓடி வராங்க: 'ஐயா, கொஞ்சம் குறைச்சுக்குங்க, எங்க மெஷினெல்லாம் பின்னாடி சுத்துது!'"

"அந்த ஒரு சொட்ட எங்க வாங்கினீங்க? புயல் அன்னைக்குப் பங்க்குல கரண்ட் இருந்துச்சா?" என்றாள் தையல்நாயகி.

"பங்க்குக்கு ஏது கரண்ட்? பம்பு ஓடாம ஊரே கேனும் கையுமா நிக்குது. நான்தான் மெஷினத் தோள்ல தூக்கிட்டுப் போயி அந்தப் பங்க்கையே ஓட்டினேன்."

பாயும் விடவில்லை. "பெட்ரோலே இல்லாம மெஷின் எப்படிண்ணே ஓடுச்சு?"

"பங்க்குல அடிச்ச வாசத்துலயே ஓடுச்சு பாய்!"

பதரைப் புடைத்தாலும் ஒரு நெல் அகப்படும். ஊரே கேனும் கையுமாக நின்றதைத் தையல்நாயகியும் கண்ணால் கண்டவள். டேங்க் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்டாள். ஏழு மணி நேரம். பிறகு பங்க்குக்குத்தான் ஓட வேண்டும் என்றார் பாய். பெட்ரோலும் நகர்ந்தது.

"கேஸ் மட்டும் வேணவே வேணாம்," என்று ராசமாணிக்கம் முந்திக்கொண்டார். "மாட்டின உடனே வீடே கிளம்பிடுச்சு! மேகத்துக்கு மேல போயி நிக்குறோம், புயல் காலுக்குக் கீழ போகுது. வடை சுட்டுக்கிட்டிருந்த உங்கக்கா ஒண்ணக் கை தவற விட்டுட்டா. மறுநாள் கடல்ல ஒரு சுறா ஏப்பம் விட்டுச்சாம், உளுந்து வாசம் கரை வரைக்கும்!"

"எப்படி இறங்கினீங்க?" என்றாள் தையல்நாயகி.

"சிலிண்டர் தீந்துச்சு, இறங்கிட்டோம்."

"அதுவரைக்கும் பங்க்குக்கு ஓடலையே?"

"ஓடறதா? பறந்துக்கிட்டிருந்தோம்கிறேன்!"

"பாய், கேஸ் மெஷினையே வண்டியில ஏத்துங்க. கூட ரெண்டு சிலிண்டர் வேணும்."

ராசமாணிக்கத்தின் முகம் சுண்டிப்போயிற்று. "இவ்வளவு சொல்லியுமா, தையல்?"

"நீங்க சொன்னதாலதான், மாமா."

புயல் கடலுக்குள் அரை நாள் அசையாமல் நின்று, பின்பு கரையைக் கடந்தது. இரண்டு நாள் ஊரில் மின்சாரம் இல்லை. பின்சுவரோரம் தகரக் கூரையின் கீழ் கேஸ் மெஷின் சீராக உறுமிக்கொண்டிருந்தது. ஒரு சிலிண்டர் தீர்ந்ததும் அவளே அடுத்ததை மாட்டினாள். இரண்டாம் நாள் விடிந்தபோது பெட்டிக்குள் ஒரே கீச்சொலி. நானூற்று முப்பத்தொரு குஞ்சுகள். எண்ணி முடித்த பிறகுதான் அவளுக்குப் பசி தெரிந்தது.

காப்பி கலக்கும்போது ராசமாணிக்கம் வாசலில் நின்றார்.

"தையல், செல்லுக்குக் கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கறேன்."

"உங்க டீசல் மெஷின் என்னாச்சு மாமா?"

"பேட்டரி இல்ல. பேட்டரி இல்லாம ஸ்டார்ட் ஆகாது."

"செத்துப்போச்சா?"

"என் பேட்டரி சாகுமா?" என்று நிமிர்ந்தார் அவர். "புயல் நடுக்கடல்ல அரை நாள் நின்னுச்சே, எதனால? அதுக்குச் சார்ஜ் தீந்துபோச்சு. பாவமா இருந்துச்சு. படகுல போயி என் பேட்டரியக் கொடுத்துட்டு வந்தேன். அப்புறந்தான் அது கரையேறுச்சு!"

தையல்நாயகி காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "அப்பவே செல்லையும் அதுகிட்டக் கொடுத்துச் சார்ஜ் ஏத்திக்கிட்டு வந்திருக்கலாமே, மாமா."