'சரி' போட்ட பானைகள்

குளக்கரையில் பூச்சியப்பன் என்ற கரடி பானை செய்து வந்தது. கோடை நெருங்கியது. "தண்ணி பிடிச்சு வைக்க நூறு பானை கொடு, மலைத் தேனடைக்கு வழி காட்டுறோம்" என்று மான்கள் சொன்னதிலிருந்து அதற்கு எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது.

ஆனால் பட்டறையில் அம்மாக்கண்ணு என்றோர் ஆமை இருந்ததே! சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு பானையையும் தட்டிப் பார்ப்பது அதன் வேலை. 'டங்' என்றால் நல்ல பானை. 'டொக்' என்றால் விரிசல். 'டொக்' கேட்டால் போதும், மண்குழிக்கே நடந்து போய்க் கல் பொறுக்கத் தொடங்கிவிடும். அதுவும் ஆமை நடை!

"பானையைத் தட்டச் சொன்னா மண்ணைக் கிளறுறியே!" என்று கரடி பல்லைக் கடித்தது.

"மண்ணுல கல் கிடந்தா நாளைக்கும் 'டொக்'குதான் அண்ணே!" என்றது ஆமை.

அப்போது ஒரு நரி மர முத்திரையோடு வந்தது. அதில் 'சரி' என்று செதுக்கியிருந்தது.

"பச்சை மண்ணுலயே இதைக் குத்திட்டா அப்புறம் தட்டவே வேண்டாம், முதலாளி! ஒரே வாரத்துல நூறு பானை!"

முதலாளி! கரடிக்குத் தலைகால் புரியவில்லை. அன்றே ஆமையை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

நூறு பானையும் மான்களிடம் போய்ச் சேர்ந்தன. மறுநாளே மான்கள் ஓட்டைப் பானைகளோடு திரும்பி வந்தன.

"ஊத்துன தண்ணியெல்லாம் ஒழுகிப் போச்சு!" என்று கத்தியது மான் தலைவி செவந்தி.

"'சரி'ன்னு போட்டிருக்கே!" என்றது கரடி.

"அதைக் குடிக்கவா முடியும்?"

கரடிக்கு அழுகையே வந்துவிட்டது. தேனும் போச்சு, குளமும் வற்றுகிறது! ஓடிப்போய் ஆமையின் காலில் விழுந்தது.

அம்மாக்கண்ணு வந்ததும் முதல் வேலையாக மண்ணைச் சலித்தது. முதல் சூளையில் நாலு 'டொக்'. அடுத்ததில் ஒன்றே ஒன்று. அப்புறம் எல்லாம் 'டங்'! அதற்குமேல் விரிசல் விட்டதற்கு மாற்றுப் பானை செய்யும் வேலையே இல்லை. குளம் வற்றுமுன் நூறும் தயாராகிவிட்டன.

மலையிலிருந்து தேன் ஒழுகும் வாயோடு திரும்பிய கரடி, முத்திரையும் கையுமாக நின்ற நரியின் தலையைத் தட்டிப் பார்த்தது.

'டொக்!'

"அண்ணே, இதுலயும் கல்லு!" என்றது ஆமை.

'சரி' என்று எழுதிவிட்டால் எதுவும் சரியாகிவிடாது. தவறு எங்கே தொடங்குகிறது என்று பார்த்துத் திருத்தினால்தான் சரியாகும்.