சீசாவின் மறுமுனை

"டீச்சர், நான் பண்ணுதது பாவமா?"

ஆவுடையப்பன் கேட்டான். அவன் வேன் டிரைவர். ஊர்ப் பிள்ளைகளை மஞ்சள் வேனில் ஏற்றி, டவுன் பக்கம் இருக்கும் தனியார் பள்ளியில் இறக்கி விடுவது அவன் வேலை.

அவன் நின்றது ஊரின் அரசாங்கத் தொடக்கப்பள்ளி வாசலில். வேன் நிரம்ப நிரம்ப இந்தப் பள்ளி காலியாகிக்கொண்டு வந்தது.

ரெஜினா டீச்சர் வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். தலைமையாசிரியர் அவர்தான். உதவி ஆசிரியரும் அவர்தான். கூட்டுகிறவரும் அவர்தான்.

"வேன்ல பிரேக் ஒழுங்கா பிடிக்கா அண்ணாச்சி?"

"பிடிக்கி."

"அப்போ போங்க. பிள்ளைங்க காத்துக்கிட்டு நிக்கும்."

இதெல்லாம் ஒரு பதிலா என்று ஆவுடை நினைத்தான். ஆனாலும் மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும்.

ஊரில் அவனை "டீச்சரோட சிஷ்யன்" என்று கிண்டல் செய்தார்கள். டீச்சர் அவனைவிட வயதில் சின்னவர். அவன் கண்டுகொள்ளவில்லை. கேள்வி கேட்க ஊரில் வேறு ஆள் யார் இருக்கிறார்கள்.

*

பொய் சொல்வானேன். தனியார் பள்ளி நன்றாகத்தான் இருந்தது. கக்கூஸில் தண்ணீர் வந்தது. வகுப்புக்கு ஒரு வாத்தியார் இருந்தார். ஃபீஸ்தான் நம்மால் முடியாது.

பிறகு அரசாங்கம் ஒன்று சொன்னது. ஏழைப் பிள்ளைகள் சிலருக்கு அங்கே இடம். ஃபீஸை நாங்கள் கட்டிவிடுகிறோம். பேர் கொடுங்கள், குலுக்கல் போடுகிறோம்.

ஊரே பேர் கொடுத்தது.

யாரைக் குற்றம் சொல்ல? தன் பிள்ளைக்கு ஒரு நல்லது வருகிறது என்றால் எவன் வேண்டாம் என்பான்?

பேர் விழுந்தவர்கள் போனார்கள். அவர்களைப் பார்த்து, பேர் விழாதவர்களும் எப்படியோ ஃபீஸ் கட்டிப் போனார்கள்.

கடைசியில் இங்கே இரண்டு பேர் மிஞ்சினார்கள். இரண்டு பேரும் ஒன்றாம் வகுப்பு.

ஒன்று, ஆவுடையின் மகள் அனுஷியா. அவள் பேர் குலுக்கலில் விழவில்லை.

இன்னொன்று இசக்கிராஜா. பீடி சுற்றும் முத்துலெட்சுமியின் மகன். அவன் பேர் விழுந்தது. போனான். திரும்பி வந்துவிட்டான்.

அவனுக்குக் கூட்டம் ஆகாது. சத்தம் ஆகாது. அங்கே வகுப்பு முழுக்கப் பிள்ளைகள். காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டான். தினமும் அதே. ஒரு வார்த்தை பேசவில்லை.

தனியார் பள்ளித் தாளாளர் ஆவுடையைக் கூப்பிட்டார்.

"இந்தப் பையன் நமக்குச் சரிப்பட மாட்டான். கொண்டுபோய் விட்டுருப்பா."

"எங்க சார் விடணும்?"

"எங்க ஏத்துனியோ அங்க."

ஆவுடை கொண்டுபோய் விட்டான்.

மறுநாள் காலையில்தான் டீச்சரிடம் அந்தப் பாவக் கேள்வியைக் கேட்டான்.

*

பள்ளியில் ஒரு சீசா இருந்தது. முனைக்கு ஒருவராக உட்கார்ந்து ஏறி இறங்குகிற பழைய பலகை, நடுவில் இரும்புக் குழாய். ஏறினால் கிறீச்சிடும்.

கீழே இருக்கும்போது இசக்கிராஜா வாய் திறக்க மாட்டான். அனுஷியா தன் பக்கத்தை அழுத்தி அவனை மேலே தூக்கினால் பேசுவான்.

"ஒண்ணும் ஒண்ணும்?" என்று அவள் கீழேயிருந்து கேட்பாள்.

அவன் மேலே போய், "ரெண்டு" என்பான்.

"ரெண்டும் ஒண்ணும்?"

மறுபடி மேலே போனதும், "மூணு."

இதைக் கண்டுபிடித்தது டீச்சர் இல்லை. அனுஷியா. டீச்சர் செய்தது, நாற்காலியைத் தூக்கி சீசா பக்கத்தில் போட்டுக்கொண்டதுதான். அதன்பின் வகுப்பு அங்கேதான் நடந்தது.

காலையில் பிரேயர் உண்டு. அனுஷியா லீடர்.

"எல்லாரும் வரிசையா நில்லுங்க" என்பாள்.

இசக்கிராஜா ஒற்றை ஆளாக வரிசையில் நிற்பான்.

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கொடிக்கம்பத்தைப் பார்ப்பார்.

*

ஒருநாள் தாளாளர் ஆவுடையை மறுபடி கூப்பிட்டார்.

"அந்தப் பையன் இடம் காலியாத்தான கெடக்கு. உன் பிள்ளையைச் சேத்துரு. ஃபீஸு அரசாங்கம் குடுத்துரும்."

ஆவுடைக்கு முதலில் சந்தோஷம் வந்தது. பிறகுதான் மற்றது வந்தது. நேரே டீச்சரிடம் போனான்.

"டீச்சர், அங்க ஒரு இடம் இருக்காம்."

"தெரியும். யாரோட இடம்னும் தெரியும்."

ஆவுடை தலையைச் சொறிந்தான்.

"சேக்கவா, வேண்டாமா?"

"உங்க பிள்ளை. நீங்க சொல்லுங்க."

"அங்க கட்டுத துட்டை இங்க குடுக்கக் கூடாதா? இன்னொரு டீச்சரு, உருப்படியா ஒரு கக்கூஸு. யாரும் எங்கயும் போக வேண்டாம்லா?"

"ஆபீஸ்ல கேட்டேன். பிள்ளைங்க வரட்டும், அப்புறம் தாரோம்னாங்க. ஊர்ல கேட்டேன். அதெல்லாம் வரட்டும், அப்புறம் பிள்ளைங்களை அனுப்புதோம்னாங்க."

"அதுக்கு நீங்க என்ன சொன்னீய?"

"ரெண்டு பேருமே என்னை உக்காரச் சொல்லி காபி குடுத்தாங்க. குடிச்சிட்டு வந்தேன்."

ஆவுடைக்கு எரிச்சல் வந்தது.

"போகாதன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன் டீச்சர்."

"சொன்னா கேப்பீங்களா?"

"கேப்பேன்."

"அதான் சொல்லல."

"இது என்ன பேச்சு?"

டீச்சர் சீசா பக்கம் பார்த்தார். அனுஷியா கீழே, இசக்கிராஜா மேலே.

"நல்லா படிக்கிற பிள்ளை அண்ணாச்சி. அடுத்தவன் மேல போறதுக்காக நீ கீழயே உக்காருன்னு அவகிட்ட நான் எப்படிச் சொல்ல?"

ஆவுடையும் சீசாவைப் பார்த்தான்.

"அவளும் போய்ட்டா பள்ளிக்கூடம்?"

"மூடிருவாங்க."

"உங்களுக்கு?"

"வேற ஊர்ல போடுவாங்க. சம்பளம் வந்துரும். என்னைப் பத்திக் கவலைப்படாதீங்க."

"அவனுக்கு?"

டீச்சர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே கூட்டின வாசலை மறுபடி கூட்ட ஆரம்பித்தார்.

*

வீட்டில் அவன் மனைவி பொன்செல்வி விடவில்லை.

"ஊர்ப் பிள்ளைய பூராத்தையும் வேன்ல ஏத்துத. உம்பிள்ளை மட்டும் ரோட்டுல நின்னு டாட்டா காட்டுது. ஒனக்கு வெக்கமா இல்ல?"

"முத்துலெச்சுமி மவன்..."

"அவனை நானா பெத்தேன்?"

"இல்ல."

"பொறவு?"



மறுநாள் ஆவுடை டீச்சரிடம் மாற்றுச் சான்றிதழ் கேட்டுப் போனான். டீச்சர் தள்ளிப்போட்டால் நன்றாயிருக்கும் என்று ஒரு ஆசை. சீல் இல்லை, நாளைக்கு வாங்க, இப்படி ஏதாவது.

டீச்சர் உடனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அனுஷியாவின் பின்னலைச் சரிசெய்து விட்டார்.

"அங்க போயும் லீடரா இருக்கணும், என்ன?"

"இசக்கிக்கு யாரு கேள்வி கேப்பா டீச்சர்?"

"நான் கேக்கேன்."

"உங்க வெயிட்டுக்கு அவன் பறந்துருவான்" என்றாள் அனுஷியா.

முதல் நாள் அவளுக்குப் புது ஷூ. வேனில் அப்பாவுக்குப் பக்கத்து சீட். பள்ளியைத் தாண்டும்போது எட்டிப் பார்த்தாள்.

"இசக்கி வரலையாப்பா?"

"அவனுக்கு வேற பள்ளிக்கூடம்."

சொல்லிவிட்டு ஹாரன் அடித்தான். ரோட்டில் ஆடுகூட இல்லை.

*

அதற்குப் பிறகு ஆவுடை டீச்சரிடம் போகவில்லை. போகிற வழிதான். ஆனாலும் வேனை நிறுத்தவில்லை. ஊரில் யாரும் அவனை சிஷ்யன் என்று சொல்வதும் நின்றுபோனது.

பள்ளியை மூட உத்தரவு வந்துவிட்டது என்று டீக்கடையில் கேள்விப்பட்டான். அன்றுதான் கடைசி நாள்.

பிள்ளைகளை இறக்கி விட்டு வெறும் வேனோடு திரும்பினான். பள்ளி வாசலில் வேன் தானாகவே நின்றதுபோல் நின்றது.

வகுப்பறைக் கதவு பூட்டியிருந்தது. கொடிக்கம்பத்தில் கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

டீச்சர் சீசாவின் ஒரு முனையில் உட்கார்ந்திருந்தார். மடியில் கைப்பை, கையில் சாவி. மறுமுனையில், மேலே, இசக்கிராஜா.

இரண்டு பேரும் அசையவில்லை.

"என்ன டீச்சர், இந்த வெயில்ல?"

"வாங்க அண்ணாச்சி. ரொம்ப நாளாச்சு."

"கணக்கு நடக்கா?"

"ஒண்ணும் ஒண்ணும் கேட்டேன். மேல போயும் சொல்ல மாட்டேங்கான்."

ஆவுடை நிமிர்ந்து பார்த்தான். மேலே இருந்தால் சுவர் தாண்டி ரோடு தெரியும். பையன் வேனையே பார்த்துக்கொண்டிருந்தான். முன் சீட்டை.

"இவனுக்கு என்ன ஏற்பாடு?"

"மேலக்குளம் பள்ளிக்கூடத்துல பேரை எழுதிட்டாங்க."

"மேலக்குளமா? ஆத்துக்கு அந்தப் பக்கம்லா. பஸ்ஸு கெடையாதே. ஆத்தாக்காரி கூட்டிட்டுப் போவாளா?"

"போனா பீடி யாரு சுத்துவா?"

"அப்போ?"

டீச்சர் கையிலிருந்த சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க எவ்வளவு நேரம் டீச்சர் இப்படியே இருப்பீய?"

"நான் எழுந்திரிச்சா அவன் விழுந்துருவான்."

"அவ்வளவுதான?" ஆவுடைக்கு ஒரு தெம்பு வந்தது. இந்த ஒன்றாவது அவனுக்குத் தெரிந்த வேலை. "பிள்ளைய இறக்குதது எனக்குப் புதுசா? நான் இறக்குதேன்."

"இறக்குங்க."

ஆவுடை மறுமுனைக்குப் போய் இரண்டு கையையும் நீட்டினான். பையன் அடம்பிடிக்கவில்லை. வந்துவிட்டான். அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தோளுக்கு மேலாக இன்னும் வேனைத்தான் பார்த்தான்.

டீச்சர் எழுந்தார். ஆளில்லாத பலகை கிறீச்சிட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"இறக்கிட்டேன் டீச்சர்."

"இன்னும் இல்ல. கையிலதான் வச்சிருக்கீங்க."

டீச்சர் சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார். சாவியைப் பைக்குள் போட்டார்.

"எங்க விடப் போறீங்க அண்ணாச்சி?"