அத்தி மரத்து உச்சியிலிருந்து குதித்த சேவல்

காட்டுச் சேவல் செங்கொண்டையனுக்கு உதைக்கத் தெரியும். அதை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். ரெண்டு காலும் ஒரே நேரத்தில் கிளம்பும். எந்தக் காலைத் தடுப்பது என்று எதிராளி யோசிப்பதற்குள் குப்புற விழுந்து கிடப்பான். அப்படி ஒரு உதையை அந்தக் காட்டில் அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை.

அந்த உதைக்கு ஒரு வேலையும் இருந்தது. கோடையில் அந்தக் காட்டுக்கு ஒரே ஓர் ஊற்றுதான். விடிந்ததும் முதலில் குடிக்கிற கூட்டத்துக்குத் தெளிந்த தண்ணீர். அடுத்து வருகிற கூட்டத்துக்கு வெறும் சேறு. காட்டுக்கோழிகள் முதலில் குடிப்பதா, கௌதாரிகள் முதலில் குடிப்பதா? வருஷா வருஷம் பங்குனியில் ஒரு சண்டை வைத்து அதை முடிவு செய்வார்கள். கூட்டத்துக்கு ஒருவர் மோத வேண்டும்.

ஊற்றுக்குப் பக்கத்தில் ஓர் அத்தி மரம். அதன் அடியில் மணலில் ஒரு வட்டம். நடுவர் ஆமை. வட்டத்தின் கோடும் ஆமை நகர்ந்து நகர்ந்து போட்டதுதான். போட்டு முடிக்க ரெண்டு நாள் ஆகும். வட்டத்துக்குள் எவன் வயிறு மண்ணில் படுகிறதோ அவன் தோற்றான். அவ்வளவுதான் சட்டம்.

முதல் வருஷம் செங்கொண்டையன் தாமதமாக வந்தான். இறகு கோதிக்கொண்டிருந்தானாம்! அவசரத்தில் அத்தி மரத்தின் தாழ்ந்த கிளையிலிருந்து வட்டத்துக்குள் தொப்பென்று குதித்தான்.

மரத்தில் ஏழு தவிட்டுக்குருவிகள் உட்கார்ந்திருந்தன. யார் ஜெயித்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான். கத்துவதற்கு ஒரு காரணம் கிடைத்தால் போதும்.

"அடேங்கப்பா! என்ன குதி! என்ன குதி!"

"வாலைப் பாரு! என்னமா மினுக்குது!"

அதற்குப் பிறகு அவன் உதைத்தான், கௌதாரி விழுந்தது, காட்டுக்கோழிகளுக்கு நல்ல தண்ணீர் கிடைத்தது. ஆனால் மறுநாள் காடு முழுக்க அந்தக் குதியைப் பற்றித்தான் பேச்சு. உதையைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. செங்கொண்டையன் அதை நன்றாகக் காதில் வாங்கிக்கொண்டான்.

ரெண்டாம் வருஷம் அதற்கு மேல் கிளை. அதுவும் சிறகை விரிக்காமல் குதித்தான். சிறகை விரித்தால் வால் மறைந்துவிடுமாம்! கீழே கௌதாரி ஆமைக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தது. இவன் இறங்கிய வேகத்திலேயே அதை உதைத்துத் தள்ளிவிட்டான்.

"அநியாயம்! ஆட்டமே இன்னும் ஆரம்பிக்கல!" என்று கௌதாரிகள் கத்தின.

"என் கால் மண்ணுல பட்டுச்சா, இல்லையா? பட்டா ஆட்டம் ஆரம்பம்! கும்பிட்டுக்கிட்டு நின்னது அவன் தப்பு!" என்றான் செங்கொண்டையன்.

ஆமை உச்சிப்பொழுது வரைக்கும் யோசித்தது. பிறகு சொன்னது: "சேவல் சொல்றது சரிதான். கால் பட்டா ஆட்டம் ஆரம்பம். இனிமே அதுவும் சட்டம்."

மூன்றாம் வருஷம் இன்னும் மேலே ஏறிக் குதித்தான். இறங்கியதும் ஒற்றைக் காலில் நின்றான். தவிட்டுக்குருவிகள் அதையும் ஸ்டைல் என்று கத்தின. இடது கால் சுளுக்கிக்கொண்டது என்று அவனுக்கு மட்டும் தெரியும். ஒற்றைக் காலால் ஒரே ஓர் உதை விட்டு எப்படியோ ஜெயித்துவிட்டான்.

அவனுக்குப் பயிற்சி கொடுத்தவள் டொக்கி என்கிற மரங்கொத்தி. அலகு மட்டுமில்லை, பேச்சும் அவளுக்கு உளிதான். தினமும் காலையில் வேப்பமரத்தில் நூறு உதை உதைக்கச் சொல்வாள். முன்பெல்லாம் ஒழுங்காக உதைத்துக்கொண்டிருந்தவன், இப்போது "ஒண்ணு, ரெண்டு, தொண்ணூத்தொம்பது, நூறு!" என்று எண்ணிவிட்டு வால் கோதப் போனான்.

நாலாம் வருஷச் சண்டைக்கு ஒரு வாரம் இருக்கும்போது டொக்கி அவனை மடக்கினாள்.

"இடது காலைக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டுன்னா காட்டு! அடப்பாவி, பலாக்கொட்டை கணக்கா வீங்கியிருக்கே!"

"வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்."

"வெயிலு உனக்கு ஒத்தக் கால்ல மட்டும் அடிச்சுதாக்கும்? இங்க பாரு, இந்த வருஷம் மரமேறாத. வட்டத்துக்கு நடந்து போ. உன் வலது கால் உதை ஒண்ணே போதும்."

"நடந்தா? நானா? நடந்து போறதுக்கு நான் என்ன கௌதாரியா? நீ போய் மரத்தைக் கொத்து! என் மண்டையைக் கொத்தாத!"

அன்றோடு டொக்கி வருவதை நிறுத்திக்கொண்டாள்.

வீட்டிலும் சொல்லாமல் இல்லை. அவன் பெண்டாட்டி மஞ்சக்காலி அந்த வருஷம் ஆறு குஞ்சு பொரித்திருந்தாள். அவளுக்கு அவன் வாலும் வேண்டாம், வித்தையும் வேண்டாம்.

"இதுங்க பச்சைக் குஞ்சுங்க. சேத்துத் தண்ணி குடிச்சா தாங்காது. வீம்புக்கு ஏறாதீங்க. நடந்து போய் ஒரு உதை விட்டுட்டு வாங்க, போதும்."

"எம் புள்ளைங்க அவங்கப்பன் குதிக்கிறதப் பாத்துப் பெருமைப்பட வேண்டாமா?"

"பெருமையக் குடிக்க முடியுமா?" என்று கேட்டாள் மஞ்சக்காலி. அவன் வால் இறகை நீவிக்கொண்டிருந்தான்.

கடைசி மூன்று நாள் அவன் கிளையை விட்டு இறங்கவே இல்லை. கேட்டவர்களிடம் விரதம் என்றான். விரதம் இருக்கிறவன் கறையான் தின்னலாமா என்று யாரும் கேட்கவில்லை.

சண்டை நாள் வந்தது. கௌதாரிகள் பக்கம் யாரும் முன்வரவில்லை. கடைசியில் புழுதி என்கிற சாதுவான கௌதாரியைப் பிடித்துத் தள்ளினார்கள். "போ, ஒரு உதை வாங்கிட்டுச் சீக்கிரம் வந்துடு!" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். புழுதி நடந்து வந்தான். விழுவதற்கு மெத்தென்ற மணல் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அங்கே போய் நின்றுகொண்டான். நின்றுவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

செங்கொண்டையன் அத்தி மரத்தில் ஏறினான்.

"அங்க வேணாம்! அது போன வருஷக் கிளை!" என்று தவிட்டுக்குருவிகள் கத்தின.

அவன் ஒரு கிளை ஏறினான்.

"இன்னும் மேல! இன்னும் மேல!"

உச்சிக்கே போய்விட்டான். அங்கிருந்து குனிந்து பார்த்தால் வட்டம் ஒரு சட்டி மூடி அளவுக்குத்தான் தெரிந்தது. இடது கால் விண்விண்ணென்று தெறித்தது. ஐயா வீரர் கிளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சிறகை விரிச்சு இறங்கிடட்டுமா?" என்று பக்கத்திலிருந்த தவிட்டுக்குருவியிடம் மெதுவாகக் கேட்டான்.

"சிறகை விரிச்சா அது குதியா? காக்காகூடத்தான் அப்படி இறங்குது!"

அவ்வளவுதான். சிறகை இறுக்கி மடக்கிக்கொண்டு குதித்துவிட்டான்.

மடக்!

இடது கால் தரையில் பட்டது, மடங்கியது, வயிறு மணலில் பதிந்தது. வால் மட்டும் கொஞ்சமும் கலையாமல் நிமிர்ந்து நின்றது. அதையாவது பாராட்ட வேண்டும்!

புழுதி ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தான். "என்னை அடிச்சாச்சா?" என்று கேட்டான்.

ஆமை இந்தத் தடவை யோசிக்கவே இல்லை. "கால் பட்டுச்சு, ஆட்டம் ஆரம்பம். வயிறு பட்டுச்சு, ஆட்டம் முடிஞ்சுது. கௌதாரி ஜெயிச்சுது."

"அவன் என்னைத் தொடவே இல்லையே! ஆட்டமே இன்னும் ஆரம்பிக்கலையே!" என்று செங்கொண்டையன் மணலில் கிடந்தபடியே அலறினான்.

"கால் பட்டா ஆரம்பம்னு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எனக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?" என்று கேட்டுவிட்டு ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

செங்கொண்டையன் அண்ணாந்து தவிட்டுக்குருவிகளைப் பார்த்தான். ஒரு வார்த்தை ஆதரவாகச் சொல்வார்கள் என்று நினைத்தான், பாவம்.

"ஏய், அங்க பாரு! புளியமரத்துல பாம்பு!" என்றது ஒரு குருவி. ஏழும் கத்திக்கொண்டே புளியமரத்துக்குப் பறந்துவிட்டன.

அவன் கால் கோணலாகத்தான் கூடியது. அதற்குப் பிறகு அவன் வட்டத்தில் இறங்கவே இல்லை. இவ்வளவு பெரிய வீரன் இத்தனை சின்ன வயதில் ஏன் ஓய்ந்தான் என்று காட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கண்ணு பட்டுவிட்டது என்றார்கள். கௌதாரிகள் மணலில் ஏதோ செய்துவிட்டார்கள் என்றார்கள். டொக்கியிடம் யாரும் கேட்கவில்லை.

அவனும் சும்மா இருக்கவில்லை. போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துச் சொன்னான். "இன்னிய வரைக்கும் எவனும் என்னை ஒரு அடி அடிச்சது கிடையாது! தோக்காமலே விலகினவன்யா நான்!"

முதல் பாதி உண்மைதான். அதுதான் கேவலம்.

சித்திரை பிறந்தது. ஒரு நாள் விடியற்காலை, கௌதாரிகள் குடித்துவிட்டுப் போகும்வரை காட்டுக்கோழிகள் நாக்கு வறண்டு காத்துக்கிடந்தன. பிறகு மஞ்சக்காலி தன் குஞ்சுகளை ஊற்றுக்குக் கூட்டிவந்தாள். ஆறு குஞ்சில் நாலுதான் இப்போது மிச்சம். செங்கொண்டையன் பின்னால் நொண்டி நொண்டி வந்தான். ஊற்றில் சேறு மட்டும் கிடந்தது.

கடைசிக் குஞ்சு அதில் அலகை வைத்துவிட்டு எடுத்தது. "அப்பா, உங்களை யாரும் ஜெயிக்கலைன்னு சொன்னீங்கல்ல? அப்புறம் ஏன் நமக்குச் சேறு?" என்று கேட்டது.

காடெல்லாம் வாய் ஓயாமல் பேசியவன் திரும்பி நின்று வால் இறகை நீவிக்கொண்டான். மஞ்சக்காலி அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சேற்றை ஒதுக்கி ஒதுக்கிக் குஞ்சுகளுக்குச் சொட்டுத் தண்ணீர் தேடிக்கொண்டிருந்தாள்.

வேடிக்கை பார்க்கிறவர்களுக்காகத் தன் திறமையை வீணடிக்கிறவன், தன்னை நம்பி இருக்கிறவர்களுக்குச் சேற்றைத்தான் மிச்சம் வைப்பான்.