குழுவில் இருக்கிறது

மசோதாவை யாரும் எதிர்க்கவில்லை.

கல் குவாரியிலும் கிரஷரிலும் தூசி பறக்காமல் தண்ணீர் அடிக்க வேண்டும். நெஞ்சில் தூசி படிந்து படுத்தவர்களுக்கு முதலாளி வைத்தியம் பார்க்க வேண்டும். மசோதா அவ்வளவுதான். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து, அதை அறிமுகம் செய்ய அனுமதி கேட்டார்.

"ஆம் என்போர்?" என்றார் பேரவைத் தலைவர்.

சபை முழுக்க "ஆம்" என்றது.

"இல்லை என்போர்?"

ஒரு குரலும் இல்லை.

தொழில் அமைச்சர் எழுந்தார். நல்ல மசோதா, நன்றாக ஆராய வேண்டிய மசோதா, குழுவுக்கு அனுப்பலாம் என்றார். அனுப்பினார்கள். அந்தக் குழுவின் தலைவர் சேவுகன்.

சேவுகன் ஆளுங்கட்சிக்காரர். அறுபதை நெருங்கும் வயதில் முதல் தடவையாக ஜெயித்து வந்தவர். வாலிபத்தில் கல் உடைத்தவர். அவருக்கு ஓட்டுப் போட்டவர்களில் பாதிப் பேர் குவாரி ஆட்கள். சபை முடிந்ததும் நேராக டீச்சரிடம் போனார்.

டீச்சரின் சொந்தப் பெயர் குணபூஷணி. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்து, எந்தக் கட்சியிலும் சேராமல் தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருந்தவர். சேவுகனைவிட இளையவர்தான். ஆனால் சபையில் எப்போது எழுவது, எப்போது உட்காருவது, ஒரு சட்டம் எந்த வாசல் வழியாக நுழைந்து எந்த வாசல் வழியாக வெளியேறும் என்று சேவுகனுக்குச் சொல்லிக் கொடுத்தது அவர்தான்.

"பொழைச்சோம் டீச்சர். மசோதா என் கைக்கே வந்துடுச்சு."

"நீங்க கேட்டு வாங்கினீங்களா, அமைச்சரா அனுப்பினாரா?"

"அவரேதான் அனுப்பினார்."



மறுநாள் அமைச்சர் கூப்பிட்டு விட்டார். காபி வந்தது.

"அவசரமே இல்லைண்ணே," என்றார் அமைச்சர். "தேர்தல் வரைக்கும் குழுவிலேயே இருக்கட்டும். சபை கலைஞ்சா மசோதாவும் தானா காலாவதியாயிடும். நாம யாரும் எதையும் எதிர்க்க வேணாம். யார் கேட்டாலும் குழுவில் இருக்குன்னு சொல்லுங்க. அடுத்த தடவையும் உங்க தொகுதி உங்களுக்குத்தான்."

சேவுகன் காபியைக் குடித்துவிட்டு வந்தார். குழுக் கூட்டம் போடவில்லை. ஒரு மாதம் போயிற்று. அடுத்த மாதமும் போயிற்று. ஊரில் யாராவது விசாரித்தால், குழுவில் இருக்கிறது என்றார். அப்படிச் சொன்ன நாட்களிலெல்லாம் குவாரி வழியாகப் போகாமல் சுற்றி வீடு போனார்.

மறுபடி டீச்சரிடம் போனார்.

"நான் எதிர்க்கலை டீச்சர். ஒரு வார்த்தை தப்பாப் பேசலை. கூட்டம் போடாம இருக்கேன், அவ்வளவுதான். சும்மா இருக்கிறது ஒரு குத்தமா?"

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வாங்கண்ணே."

அரசு ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோய் வார்டுக்குக் கூட்டிப் போனார். ஓரக் கட்டிலில் மாயழகு என்றொருவர் படுத்திருந்தார். கிரஷரில் வேலை பார்த்தவர். மூக்கில் ஆக்சிஜன் குழாய். தலைமுடி இன்னும் நரைக்கவில்லை. விலா எலும்புகள் மட்டும் கிழவனுடையவை போலத் துருத்திக்கொண்டிருந்தன. மனைவி பேச்சியம்மா ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"இவர்தான் குழுத் தலைவர்," என்று சொல்லிவிட்டு டீச்சர் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டார்.

மாயழகு எழுந்து உட்காரப் பார்த்தார். முடியவில்லை. படுத்தபடியே கும்பிட்டார்.

"டிவியில பார்த்தோம்யா. எல்லாரும் ஆம்னு சொன்னாங்க." நின்று மூச்சு வாங்கினார். "குழுன்னா என்னங்கய்யா?"

சேவுகன் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒவ்வொரு வரியாப் படிச்சு, சரி பண்ணி, சபைக்குத் திருப்பி அனுப்புற இடம்பா."

"படிச்சிட்டீங்களா?"

"படிச்சிக்கிட்டு இருக்கோம்."

"படிங்கய்யா. அவசரப்படாம நல்லாப் படிங்க."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கண் செருகிவிட்டது. பேச்சியம்மா அட்டையை வேகமாக விசிறினாள்.

  

மறுநாளே சேவுகன் குழுக் கூட்டத்துக்கு அழைப்பு அனுப்பினார்.

ஒரே ஒரு உறுப்பினர் வந்தார். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்குச் சொந்தக்காரர் கல்யாணம், மற்றவர்கள் காரணம்கூடச் சொல்லவில்லை. போதுமான ஆள் இல்லாமல் கூட்டம் நடத்த முடியாது. தேதி மாற்றி மறுபடி அழைத்தார். முதல் தடவை வந்தவரும் இந்தத் தடவை வரவில்லை. நீள மேசையின் தலைமாட்டில் சேவுகன் மசோதாவைப் பிரித்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். ஆறிப்போன டீயை எடுக்க வந்த பியூன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, எடுக்காமலே போனார்.

அந்த வாரமே குழுவுக்கு வேறு தலைவரைப் போட்டார்கள். புதுத் தலைவர் கூட்டம் போடவில்லை. கட்சியில் சேவுகனுக்குச் சீட்டு இல்லை என்றானது. தேர்தல் அறிவித்தார்கள். சபை கலைந்தது. மசோதாவும் அதோடு போயிற்று.

மாயழகு அதற்கு முன்பே போய்விட்டார். சேவுகன் சவ எடுப்புக்குப் போயிருந்தார். பேச்சியம்மா அவரைப் பார்த்தாள். 

எம்.எல்.ஏ. விடுதியில் டீச்சர் அறையைக் காலி செய்துகொண்டிருந்தபோது சேவுகன் வந்தார். நாற்காலியில் சேலைகள் கிடந்ததால் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். 

"நான் கடைசி வரைக்கும் கூட்டமே கூப்பிடாம இருந்திருந்தாலும் இதேதானே நடந்திருக்கும்?"

"இதேதான்."

"மாயழகு?"

"செத்துத்தான் போயிருப்பார்."

"அப்போ எதுதான் மாறுச்சு டீச்சர்? என் சீட்டு போனதைத் தவிர?"

டீச்சர் மடித்துக்கொண்டிருந்த சேலையைக் கீழே வைத்தார்.

"மசோதா கழுத்தை நெரிச்ச கைகள்ல உங்க கையும் இருந்துச்சு. எடுத்துட்டீங்க."

சேவுகன் தலை குனிந்தார். கீழே யாரோ பெட்டி படுக்கையை வண்டியில் ஏற்றுகிற சத்தம் கேட்டது. 

"அது போதுமா டீச்சர்?"

"போதாது," என்றார் டீச்சர்.