அமலோற்பவம் பட்டினி போட்ட கழுகுக் குஞ்சு

காலை உதைக்காமப் படு. ம் கொட்டணும், கேட்டியா? நீ ம் கொட்டலேன்னா நான் பாதியில நிப்பாட்டிருவேன், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு மீன்காரி இருந்தா. பேரு அமலோற்பவம். கடக்கரை ஊரு. கரையில சவுக்குத் தோப்பு. அதுல இருக்கதுலயே ஒசந்த மரத்துல ஒரு கடல் கழுகு ஜோடி கூடு கட்டியிருந்துச்சு. கூடுன்னா காக்காக் கூடுன்னு நெனச்சியா? நீ காலை நீட்டிப் படுக்கலாம், அவ்ளோ பெருசு. அதுல ஒத்தைக் குஞ்சு. அமலோற்பவம் தெனமும் மீன் கூடையை எறக்கி வச்சிட்டு அண்ணாந்து பாப்பா. "எங்க கழுகு"ன்னுதான் சொல்லுவா. ம்?

அப்புறம் தோப்பை வெட்ட ஆளு வந்துட்டாங்க. ஊர்ப் பொதுத் தோப்பு, வித்தாச்சு. அமலோற்பவம் ஓடிப்போயி மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. "குஞ்சு பறக்குமுன்ன கோடாலியை வச்சீருன்னா, நடக்கறதே வேற!"

மேஸ்திரி மூக்கையா நல்ல மனுஷன்தான். "மூணு நாளு தாரேன்க்கா. அந்தக் கோடியிலேர்ந்து வெட்டிட்டு வாரேன். நாலாம் நாள் காலையில இந்த மரந்தான்."

மொத நாளு. தாய்க் கழுகு மீனைத் தூக்கிட்டு வந்துச்சு. ஆனா கூட்டுக்குப் போகல. எதுத்த மரத்துல உக்காந்து, குஞ்சு பாக்கப் பாக்கத் தானே பிச்சுப் பிச்சுத் தின்னுச்சு. குஞ்சு கீ... கீ...ன்னு கத்துது. அமலோற்பவத்துக்கு வந்துச்சே கோவம்! "அடிப் பாவி, நீயெல்லாம் ஒரு தாயா?"

அந்த ஊர்ல வலை கரையேறினா, கையேந்தி நிக்கறவுகளுக்கு ஒரு கை மீன் அள்ளிக் குடுத்துட்டுத்தான் மத்ததெல்லாம். அங்க பொறந்தவ பசிச்ச வாயைப் பாத்துட்டுச் சும்மா போவாளா? பனையேறித் தம்பி ஒருத்தன் உண்டு அவளுக்கு, சவேரின்னு பேரு. அவன் தலையில அலுமினியச் சட்டியைக் கவுத்து, மடியில சாளை மீனைக் கட்டி, பக்கத்து மரத்துல ஏத்தி விட்டா. கழுகு விடுமா? விர்ர்ருன்னு வந்து சட்டியில டங்! ஆம்பளைக் கழுகு வந்து இன்னொரு டங்! "யக்கோ, செத்தேன்!"னு கத்திக்கிட்டே மீனைக் கூட்டுக்குள்ள வீசிட்டு சரசரன்னு எறங்கிட்டான். குஞ்சு வவுறு முட்டத் தின்னுட்டுத் தூங்கிருச்சு. சிரிக்காத, உன் தூக்கம் போயிரும்.

ரெண்டாம் நாளும் அதே கூத்து. சட்டி நெளிஞ்சதுதான் மிச்சம். குஞ்சு சிறகை விரிக்கக்கூட இல்ல. ம்?

மூணாம் நாளு. தாய் மீனோட வந்து எதுத்த மரத்துல உக்காந்துச்சு. அப்போ குஞ்சு தாயைப் பாக்கவே இல்லட்டி. கீழ நிக்க சவேரியைப் பாத்துக் கத்துது! அமலோற்பவத்துக்குச் சுருக்குன்னுச்சு. "அய்யய்யோ! அவ பட்டினி போடல, பறந்து வான்னு கூப்பிடுதா. நடுவுல பூந்து கெடுத்தது நான்லா! சவேரி, சட்டியைக் கழத்து. ஏறாத."

கூடையில மீன் இருக்கு, மேல குஞ்சு கத்துது. அமலோற்பவம் கையை முந்தானைக்குள்ள சுத்திக்கிட்டு மரத்தடியிலயே உக்காந்துட்டா. பொழுது சாயற வரைக்கும் குடுக்கல. அவளும் ஒரு வாய் கஞ்சி குடிக்கல.

நாலாம் நாள் காலையில மூக்கையா கோடாலியோட வந்து நிக்கான். எதுத்த மரத்துல தாய், காலுக்கடியில பெரிய மீனு. குஞ்சு கத்திக் கத்திப் பாத்துச்சு. அப்புறம் கூட்டு ஓரத்துக்கு வந்து சிறகை விரிச்சு, பட பட பட... குபீர்னு கீழ எறங்கிருச்சு! பயப்படாதட்டி, விழல. ஒரு எம்பு எம்பி, நேரா தாய்கிட்டப் போயி மீன் மேலயே உக்காந்துச்சு!

கரையே கைதட்டுது. அமலோற்பவத்துக்குக் கண்ணுல தண்ணி, ஆனா நெஞ்சு நிமிந்துட்டு. மூக்கையா, "யக்கா, பறக்க வச்சிட்டியளே!"ங்கான்.

"நானா, வே? பறக்க வச்சது அதோட ஆத்தா. நான் கூடை நெறைய மீனை வச்சுக்கிட்டு ஒரு நாள் பூரா குடுக்காம இருந்தேன் பாரும், அதை இந்தக் கரையில இன்னொருத்தியைச் செய்யச் சொல்லும் பாப்போம்!"

கழுகு கடலுக்குப் போச்சு, கதை கரைக்கு வந்துட்டு. கண்ணை மூடுட்டி.