குண்டு பல்பின் கீழ் ஒரு போர்க்கப்பல்

கப்பல் மாதிரிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் கப்பலைச் சொல்வார்கள். அது மூழ்கிய கடலைச் சொல்வார்கள். மாதிரியைக் கட்டிய கையைச் சொல்வார்கள். கட்டியவரின் மனைவியைச் சொல்வதில்லை. சாப்பாட்டு மேசை கப்பல் தளமாக மாறிய பிறகு தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டவர் அவர். தரையில் தொலைந்த நங்கூரங்களை வெறுங்காலால் கண்டுபிடித்தவரும் அவரே. ஞானக் கதைகளிலும் இதே நிலைதான். குருவுக்கு இடம் உண்டு, சீடனுக்கு இடம் உண்டு. சீடன் ஞானம் தேடிப் போயிருந்தபோது வீட்டில் சோறு வடித்தவருக்கு இடம் இல்லை.

இந்தக் கதை அவரைப் பற்றியது. பெயர் அமலோற்பவம். ஊர் தூத்துக்குடி. மகளிர் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். கணவர் கஸ்பார் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். வேலை போக மிஞ்சிய நேரம் முழுவதும் ஜப்பானியப் போர்க்கப்பல்களின் மாதிரிகளைக் கட்டியவர்.

கஸ்பார் இறந்தபோது மேசைமேல் ஒரு கப்பல் பாதியில் நின்றது. தோனே என்று பெயர். மூலக் கப்பலை முந்நூற்றைம்பதில் ஒரு பங்காகச் சுருக்கிய பிளாஸ்டிக் உடல். பீரங்கிக் கூண்டுகள் நான்கும் முன்தளத்தில் நெருங்கி நிற்கும். பின்தளம் முழுவதும் கடல் விமானங்களுக்கு உரியது. முன்பாதிக்குக் கஸ்பார் சாம்பல் வண்ணம் பூசியிருந்தார். பின்பாதி வெறும் பிளாஸ்டிக்காகக் கிடந்தது.

அமலோற்பவம் குருவைத் தேடிப் போனார். குருவுக்குத் தாடி இல்லை. வயதிலும் அவர் அமலோற்பவத்துக்கு வெகுவாக இளையவர். பல் மருத்துவர், டாக்டர் மச்சாடோ. மருத்துவமனையின் பின்னறையில், செயற்கைப் பல் வார்க்கும் மேசைக்குப் பக்கத்தில், கப்பல் கட்டினார். கஸ்பாருக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

"டாக்டர், அந்தக் கப்பலை வந்து எடுத்துட்டுப் போங்க. எனக்கு மேசை வேணும்."

"எதுக்கு அக்கா?"

"சாப்பிட."

"இத்தனை வருஷம் எங்க வச்சுச் சாப்பிட்டீங்க?"

"மடியில."

"நான் எடுத்துட்டு வந்தா யார் முடிக்கிறது?"

"நீங்க முடிங்க. அவரைக் கெடுத்தது நீங்கதானே."

டாக்டர் சிரித்தார். இடுக்கி ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"சாயந்திரம் வாங்க. நீங்களே முடிக்கலாம்."

"எனக்கு இந்தப் பொம்மைகளைக் கண்டாலே ஆகாது."

"நல்லதாப் போச்சு. அண்ணாச்சிக்கு ரொம்பப் பிடிக்கும். அதான் எப்பவும் அவசரப்பட்டாரு."

மறுநாள் மாலை அமலோற்பவம் போனார். ஏன் போனீர்கள் என்று யாராவது கேட்டிருந்தால், மேசை வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பார்.

டாக்டர் முதலில் கயிறு செய்யச் சொன்னார். மாதிரியின் உறுப்புகளைக் கழற்றியபின் மிஞ்சும் பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்தியின் மேல் காட்டி இளக்கி இழுத்தால், முடியைவிட மெல்லிய இழை கிடைக்கும். கொடிமரத்திலிருந்து கொடிமரத்துக்குக் கட்டும் கம்பிகள் அதனால்தான் ஆனவை. அமலோற்பவத்தின் குச்சி எரிந்தது. அடுத்ததும் எரிந்தது.

"சுடருக்குள்ள இல்ல அக்கா. சுடருக்கு மேல."

"வெப்பம் எங்க அதிகம்னு எனக்கே பாடமா?"

"பாடம் இல்ல. குச்சி எரியுது, அதான் சொன்னேன்."

இழை வந்ததும், பயிற்சிக்கு ஒரு சிறு போர்க்கப்பலைக் கொடுத்து, அதில் கைப்பிடிக் கம்பிகளை ஒட்டச் சொன்னார். பித்தளைத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுத்த கம்பிவேலி. மூச்சு பட்டால் பறந்துவிடும். அமலோற்பவம் இடுக்கியைக் கீழே வைத்தார்.

"டாக்டர், ஒண்ணு கேக்கணும். இது ஆளைக் கொல்லப் போன கப்பல். இதை எதுக்கு இவ்வளவு அழகாச் செய்யணும்?"

"இப்ப கையில என்ன வச்சிருக்கீங்க?"

"கைப்பிடிக் கம்பி."

"அது யாரையும் கொல்லல. கடல்ல விழப்போனவனைப் பிடிச்சு நிறுத்துச்சு. அதை நேரா ஒட்டுங்க."

அமலோற்பவம் நேராக ஒட்டினார்.

வண்ணத்தைக் கப்பலில் பூசுவதற்கு முன் ஒரு பிளாஸ்டிக் கரண்டியின் முதுகில் பூசிப் பார்ப்பது மாதிரி கட்டுகிறவர்களுடைய வழக்கம். பின்னறைச் சுவரில் வரிசையாகக் கரண்டிகள் தொங்கின. எல்லாம் சாம்பல்.

"ஐஸ்கிரீம் கடை வைக்கப் போறீங்களா?"

"ஒவ்வொண்ணும் வேற சாம்பல் அக்கா. ஜப்பான்ல ஒவ்வொரு கடற்படைத் தளமும் தன்னோட சாம்பலைத் தானே கலந்துச்சு."

"எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது."

"தெரியற நாள் வரும். அன்னைக்கு வருத்தப்படுவீங்க."

அந்த நாள் வந்தது. பயிற்சிக்காகக் கொடுத்த சிறு கப்பல்களை அமலோற்பவம் பழுதில்லாமல் முடித்தார். கை பழகியதும் கண் பழகியது. வீட்டுக்குப் போய்த் தோனேயைப் பார்த்தபோது, கணவர் சுமாரான கைவேலைக்காரர் என்பது தெரிந்தது. ஒரு கொடிமரம் சாய்ந்திருந்தது. வண்ணத்துக்குள் தூரிகையின் மயிர் ஒன்று ஒட்டியிருந்தது. "இதுக்கா என் மேசையைப் பிடுங்கினீங்க?" என்று படத்திலிருந்த கஸ்பாரைக் கேட்டார். கொடிமரத்தை நிமிர்த்தினார், கம்பிகளை மாற்றினார், மயிரை எடுத்தார்.

அவருடைய வீட்டில் பகலிலும் வெளிச்சம் குறைவு. அமலோற்பவத்துக்கு ஒற்றைத் தலைவலி உண்டு; அதனால் சன்னல்களில் கனத்த திரைகள் எப்போதும் மூடியிருக்கும். விளக்குகளோ கஸ்பாரின் கைங்கரியம். ஊரெல்லாம் வெள்ளை விளக்குக்கு மாறிய காலத்தில், அவர் ஒருநாள் டியூப்லைட்டுகளைக் கழற்றிவிட்டு எல்லா அறைகளிலும் மஞ்சள் குண்டு பல்புகளை மாட்டினார். "கோழிக்குஞ்சு பொரிக்கப் போறீங்களா?" என்று அமலோற்பவம் கேட்டார். "எனக்கு இதான் பிடிச்சிருக்கு" என்றார் கஸ்பார். இந்தப் பிடிவாதத்தை அமலோற்பவம் அவருடைய தங்கைகளிடமும் சொல்லிக் குறைபட்டதுண்டு.

பின்பாதிக்கு வண்ணம் பூசும் வேளை வந்தது. தூரிகையைவிடத் தெளிப்பான் நல்லது; தெளிப்பான் டாக்டரிடம்தான் இருந்தது. ஆகவே தோனே முதன்முறையாக வீட்டைவிட்டுப் புறப்பட்டது. அமலோற்பவம் அதை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

"கப்பல்ல ஓட்டை எதுவும் இல்லையே டீச்சர்?" என்றார் ஓட்டுநர். "வழியில தண்ணி தேங்கிக் கிடக்கு."

"நீங்க பள்ளத்துல விடாம ஓட்டுங்க. கப்பலை நான் பாத்துக்கிறேன்."

மருத்துவமனையில் ஒரு பெண்மணி முன்பல் கட்ட வந்திருந்தார்.

"நல்லா வெள்ளையாப் போட்டிருங்க டாக்டர். பால் மாதிரி."

"பக்கத்துப் பல்லோட பொருந்தணும்லா? அது டீ மாதிரி இருக்கே."

டாக்டர் நாற்காலியின் மேலிருந்த விளக்கை அணைத்தார். பெண்மணியைச் சன்னலருகே அழைத்துப் போய், பல் நிறங்களின் மாதிரிப் பட்டையை வாயருகே வைத்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். அமலோற்பவம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நோயாளி போனதும் அமலோற்பவம் தோனேயை அதே சன்னலருகே வைத்தார். கஸ்பார் பார்த்து வண்ணம் கலந்த நிற மாதிரி அட்டையைக் கப்பலின் மேல் பொருத்தினார். அட்டையில் இருந்தது சாம்பல். கப்பலில் இருந்தது சாம்பல் இல்லை. செத்த மீனின் வயிற்றைப்போல நீலம் பாரித்திருந்தது.

"தப்பு" என்றார் அமலோற்பவம்.

"ஆமா."

"முன்பாதி முழுக்கத் தப்பு. கழுவிட்டு முதல்லருந்து பூசணும்."

"கழுவலாம்."

டாக்டர் ஸ்பிரிட் புட்டியையும் பஞ்சையும் எடுத்து வைத்தார். அமலோற்பவம் புட்டியைத் திறந்தார். கொடிமரத்தை நிமிர்த்தியாயிற்று, கம்பிகளை மாற்றியாயிற்று. இந்த வண்ணமும் போனால் கஸ்பாரின் கை பட்டது என்று சொல்ல அந்தக் கப்பலில் ஒன்றும் மிஞ்சாது. அது இருந்தாலோ கப்பல் பிழையாகவே நிற்கும். ஒருமுறை கழுவியதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

பஞ்சு ஸ்பிரிட்டில் நனைந்தது. அதைக் கீழே வைத்தார்.

"வேலையில இருந்த காலம் முழுக்க விடைத்தாள் திருத்தினவ நான். தப்புன்னு தெரிஞ்சும் சிவப்பு மையை எடுக்காம விட்டதே இல்ல. சொல்லுங்க டாக்டர். தப்புன்னு தெரிஞ்சும் ஒண்ணை அப்படியே விடறது, அன்பா, சோம்பலா?"

டாக்டர் கப்பலைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனார். அமலோற்பவம் அட்டையை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். டாக்டர் கதவைச் சாத்தினார்; சன்னலை மூடினார்; மெழுகு வேலைக்காக மாட்டியிருந்த குண்டு பல்பைப் போட்டார்.

"இப்ப வச்சுப் பாருங்க."

அமலோற்பவம் அட்டையைக் கப்பலின் மேல் வைத்தார். அட்டை எங்கே முடிகிறது, கப்பல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. துளி நீலம் இல்லை. சாம்பல், சாம்பலோடு சேர்ந்து கிடந்தது.

"இது தெரிஞ்ச விஷயம்தான்" என்றார் அமலோற்பவம். வகுப்பறைக் குரல் தானாக வந்தது. "நிறமி வேற வேறயா இருந்தாலும், ஒரு விளக்குல ரெண்டும் ஒண்ணாத் தெரியும். விளக்கை மாத்தினா பிரிஞ்சிரும். அப்படின்னா இதைக் கலந்தவரு வெள்ளை வெளிச்சமே இல்லாத இடத்துல..."

அங்கே நின்றுவிட்டார்.

"வீட்டுல என்ன விளக்கு அக்கா?"

"குண்டு பல்பு. அவருக்கு அதான் பிடிக்கும்" என்றார்.

டாக்டர் சுவரிலிருந்து ஒரு கரண்டியை எடுத்தார். அதன் காம்பில் கஸ்பாரின் பெயர் இருந்தது.

"இதைப் பூசிட்டுக் கொண்டுவந்தாரு. சன்னல்கிட்ட வச்சுக் காட்டினேன். 'நீலம் அடிக்குது அண்ணாச்சி. வீட்டுல திரையை விலக்கிட்டுப் பகல்ல கலந்து பாருங்க'ன்னு சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"'அவளுக்குத் தலை வலிக்கும் தம்பி. கப்பல் கொஞ்சம் நீலமாவே இருந்துட்டுப் போகட்டும்'னாரு."

அமலோற்பவம் கரண்டியை வாங்கிக்கொண்டார். பல்பை நிமிர்ந்து பார்த்தார். டியூப்லைட்டைக் கழற்றிய வருடத்திலிருந்துதான் தலைவலி குறைந்தது. அதே வருடம் ஓய்வும் பெற்றதால், கல்லூரிக்குப் போகாததால் குறைந்தது என்று அவர் நினைத்திருந்தார்.

"அப்ப, டியூப்லைட்டைக் கழற்றினதும் அதுக்குத்தானா?"

"அது எனக்குத் தெரியாது அக்கா. நான் பல் டாக்டர்."

அமலோற்பவம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஸ்பிரிட்டின் நெடி என்று சொன்னார். பிறகு குரலைச் சரிசெய்தார்.

"நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல டாக்டர். கழுவணுமா, வேண்டாமா?"

டாக்டர் புட்டியைக் கொண்டுவந்து அவர் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தார்.

"கழுவணும்னா கழுவுங்க. அதுக்கு முன்னால ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்தக் கப்பல் எங்க நிக்கப் போகுது?"

அமலோற்பவம் புட்டியின் மூடியைத் தேடி எடுத்துத் திருகி மூடினார்.

அவர் கப்பலைக் கழுவவில்லை. கரண்டியோடும் கப்பலோடும் வீட்டுக்குப் போய், திரைகளைத் திறக்காமல், குண்டு பல்பின் கீழ் அந்தச் சாம்பலைக் கலந்து, தூரிகையாலேயே பின்பாதியைப் பூசி முடித்தார். அதன்பின் வேறு கப்பல்கள் பலவற்றைக் கட்டினார். அவற்றின் வண்ணங்களை டாக்டரின் சன்னலருகே, பகலில் கலந்தார்; அவை கண்காட்சிகளுக்குப் போயின, பரிசுகளும் பெற்றன. தோனேயை அவர் எங்கும் அனுப்பவில்லை; அது மேசைமேலேயே நின்றது. குண்டு பல்பு கடைகளில் அரிதானபோது, கிடைத்த இடத்திலெல்லாம் வாங்கிச் சேர்த்தார். மாலையில் விளக்கைப் போடும்போது கஸ்பாருக்கு நன்றி சொன்னார். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார். சாப்பாட்டு மேசை கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை. சாகும்வரை தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டார்.